புளூ லகூனில் நின்றது மலை வாலாட்டியா?

கரையோரம்: நேற்றுக் காலை டர்பன் புளூ லகூன் கார் பார்க்கில் மலை வாலாட்டிப் பறவை! சாம்பல் முதுகு, மார்பில் கறுப்புப் பட்டை, நீண்ட வால். படம் கீழே. சந்தேகமே வேண்டாம்.

சாட்ஸ்வொர்த் பெரியவர்: தம்பி, அது கேப் வாலாட்டி. என் வீட்டுக் குழாயடியில் தினமும் நிற்கிற அதே குருவி. மலை வாலாட்டிக்குப் பழைய புத்தகங்களில் பெயரே நீள்வால் வாலாட்டி. இதன் வால் குட்டை.

கரையோரம்: குட்டையா? படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பெரியவரே. கண்ணாடி போட்டுக்கொண்டு.

சாட்ஸ்வொர்த் பெரியவர்: நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நான் வாலாட்டி பார்க்கிறேன். வால் குட்டை.

பைன்டவுன் அக்கா: இரண்டுமே ஏறக்குறைய 20 செ.மீ. பறவைதான். வாலை விட்டுவிட்டு வயிற்றைப் பாருங்களேன். மலை வாலாட்டிக்கு வயிறு வெள்ளை வெளேரென்று இருக்கும், முதுகு நீலச் சாம்பல், இறக்கையில் வெள்ளை பளிச்சென்று தெரியும். கேப்புக்கு வயிறு மங்கல், முதுகில் பழுப்பு கலந்திருக்கும். அப்புறம், மலை வாலாட்டிக்குப் பாறை மேல் பாய்கிற காட்டு ஓடை வேண்டும். கிரான்ட்ஸ்க்ளூஃப் காட்டுப் பள்ளத்தாக்கில் தேடுங்கள், கார் பார்க்கில் அல்ல.

கரையோரம்: இறக்கை இருக்கிற பறவை, அக்கா. எங்கேயும் வரும். வயிறு நிழலில் இருப்பதால் மங்கலாகத் தெரிகிறது.

சாட்ஸ்வொர்த் பெரியவர்: வயிறு சேற்றில் அழுக்காகும். வால் பொய் சொல்லாது. குட்டை.

கரையோரம்: இறகு உதிர்க்கும் காலமாக இருக்கலாமே.

சாட்ஸ்வொர்த் பெரியவர்: ஆக, குட்டை என்று ஒத்துக்கொண்டாய்!

கரையோரம்: ஒத்துக்கொள்ளவில்லை! கோணம் அப்படி.

சாட்ஸ்வொர்த் பெரியவர்: போன வருஷம் உம்கேனி ஆற்றங்கரையில் கறுப்பு வெள்ளை வாலாட்டியின் இளம் பறவையைப் பார்த்துவிட்டுக் கேப் என்று பட்டியலில் ஏற்றியவர்தானே நீ? முதுகு சாம்பலாக இருந்தால் போதுமா? இறக்கையில் அத்தனை அகலத்துக்கு வெள்ளை இருந்ததே!

கரையோரம்: அதை அன்றே திருத்திவிட்டேன். பழசைக் கிளறாதீர்கள்.

உம்வேம்வே: ஒரு சந்தேகம். வாலாட்டியைக் குருவி என்று சொல்லலாமா? தமிழில் குருவி என்றால் சிட்டுக்குருவிதானே. ஸூலு மொழியில் அழகாக ஒரே பெயர், என் பெயர்!

பைன்டவுன் அக்கா: ஊர்க்குருவி, தேன்சிட்டு, எல்லாம் நமக்குக் குருவிதான். பேச்சை மாற்றாதீர்கள். இறக்கை தெரிகிற படம் வேறு இருக்கிறதா, தம்பி?

கரையோரம்: இல்லை. பறந்துவிட்டது. பறந்தபோது வால் நீளமாகத்தான் இருந்தது.

சாட்ஸ்வொர்த் பெரியவர்: குட்டை.

கரையோரம்: சரி, ஞாயிறு காலை 6 மணிக்கு நேரில் வாருங்கள். பார்த்துவிடலாம்.

சாட்ஸ்வொர்த் பெரியவர்: வருகிறேன். என்னிடம் இரவல் வாங்கிய பைனாகுலரை மறக்காமல் கொண்டுவா. மூன்று வருஷமாயிற்று.