ரிஃப்ரெஷ் செய்யச் செய்ய மாங்காய் விலை மாறுகிறது: ஃபிளாஸ்க், ஜிஞ்ஜா

காவேரிப்பட்டணம் தம்பி:
வணக்கம். எங்கள் மாமாவுக்கு இங்கே மாங்காய் மண்டி. விடிந்தால் விலை கேட்டு ஓயாமல் போன் வரும். அதனால் ஃபிளாஸ்க்கில் (வலைப்பக்கம் செய்யும் பைத்தான் கருவி) ஒரு விலைப் பக்கம் செய்து கொடுத்தேன். மாமா போனிலேயே விலையைப் போடுவார். பக்கத்தின் அச்சான ஜிஞ்ஜா டெம்ப்ளேட் அதை அட்டவணையாகக் காட்டும். லேப்டாப்பில் ஒரு வாரம் ஓடியது, ஒரு குறையும் இல்லை.

சர்வரில் ஏற்றியதும் பேய் பிடித்துவிட்டது. பெங்களூரா ரக மாங்காய் கிலோ 18 ரூபாய் என்று இருந்ததை 22 ஆக்கினோம். ஒரு ரிஃப்ரெஷில் 22, அடுத்ததில் 18, மறுபடி 18, அப்புறம் 22. நேற்று ஒருவர் 22 என்று பார்த்து வண்டி ஏற்றி வந்துவிட்டார், பக்கத்தில் நின்றவர் போனில் 18. மாமாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். டெம்ப்ளேட்டையே புதிதாக எழுதியும் பார்த்துவிட்டேன்.

பாலக்கோடு பிஎச்பி:
பிரவுசர் கேஷாக இருக்கும், சேமித்து வைத்த பழைய பக்கத்தைக் காட்டுகிறது. ஹெடரில் நோ-ஸ்டோர் போட்டுப் பாருங்க.

காவேரிப்பட்டணம் தம்பி:
போட்டேன் அண்ணா. அப்படியேதான் இருக்கிறது.

ஓசூர் அக்கா:
டெம்ப்ளேட்டை விடு தம்பி, அது பாவம். கையில் கொடுத்ததை எழுதிக் காட்டுகிறது, அவ்வளவுதான். விலையை எங்கே வைத்திருக்கிறாய்? சர்வரில் ஆப்பை ஓட்டும் ஜியூனிகார்னில் எத்தனை வொர்க்கர்?

காவேரிப்பட்டணம் தம்பி:
ஆப் ஃபைலின் தலைமாட்டில் ஒரு டிக்ஷனரி (ரகமும் விலையும் ஜோடியாக இருக்கும் வேரியபிள்) அக்கா. மாமா சேவ் கொடுத்தால் அதில் மாறும். வொர்க்கர் 3. பிராசஸர் கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டு என்று படித்தேன், என் சர்வர் ஒரு கோர்.

ஓசூர் அக்கா:
பிடிபட்டது. மூன்று வொர்க்கர் என்றால் உன் ஆப் தனித்தனி மெமரியோடு மூன்று புராசஸாக, மூன்று பிரதியாக ஓடுகிறது. உங்கள் மண்டியில் மூன்று கணக்குப்பிள்ளைகள், ஆளுக்கொரு நோட்டு என்று வைத்துக்கொள். மாமா சொன்ன 22 ஒருவர் நோட்டில்தான் ஏறியது. வருகிறவர் யாரிடம் போய்க் கேட்பார் என்று சொல்ல முடியாது. லேப்டாப்பில் ஒரே கணக்குப்பிள்ளை, அதனால் தெரியவில்லை. சந்தேகமாக இருந்தால் புராசஸ் ஐடியைப் பக்கத்தின் அடியில் காட்டிப் பார்.

காவேரிப்பட்டணம் தம்பி:
அக்கா! 4127 வரும்போது மட்டும் 22. 4128, 4129 இரண்டிலும் 18. அப்போ வொர்க்கரை 1 ஆக்கிவிடவா?

ஓசூர் அக்கா:
சரியானது போல இருக்கும். ராத்திரி சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் கோடில் எழுதிய பழைய விலை வந்து உட்காரும். எஸ்கியூலைட்டில் (ஒரே ஃபைலில் இருக்கும் சின்ன டேட்டாபேஸ்) ஒரு டேபிள் போடு. பக்கத்தைக் கேட்கும்போது ஓடும் வியூ ஃபங்ஷனுக்குள், ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும், அதிலிருந்து படித்து டெம்ப்ளேட்டுக்கு அனுப்பு. ஒரு மண்டிக்கு அது தாராளம். ஃபைலின் மேலே மாறாத விஷயம் மட்டும் இருக்கட்டும்.

பாலக்கோடு பிஎச்பி:
அதான் எனக்கு இது வந்ததே இல்லை. பிஎச்பியில் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் வேரியபிள் எல்லாம் புதிதாகப் பிறக்கும். எங்களைக் கிண்டல் செய்கிறவர்கள் கவனிக்கவும் 🙂

காவேரிப்பட்டணம் தம்பி:
எஸ்கியூலைட்டுக்கு மாற்றினேன், விலை இப்போது நிற்கிறது. ஆனால் காலை 5 மணிக்குத் திறந்தால் நேற்றைய தேதி. மாமா அதையும் பார்த்துவிட்டார்.

ஓசூர் அக்கா:
உன் சர்வர் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால், அதனால் காலை 5.30 வரைக்கும் அதற்கு நேற்றுதான். டேபிளில் நேரம் யூடிசியாகவே இருக்கட்டும், காட்டும்போது பைத்தானின் ஸோன்இன்ஃபோ வைத்து நம் நேரமான ஏசியா/கொல்கத்தாவுக்கு மாற்று. தேதியையும் வியூவுக்குள்ளேயே எடு. ஃபைலின் மேலே வைத்தால் சர்வர் தொடங்கிய நாளே நிற்கும்.

காவேரிப்பட்டணம் தம்பி:
இன்று 4.50க்குத் திறந்தேன், இன்றைய தேதி! நன்றி அக்கா. செந்தூரா ரகத்துக்கும் பக்கத்தில் ஒரு வரி வேண்டுமாம் மாமாவுக்கு. இனி அது டேபிளில் ஒரு ரோ, டெம்ப்ளேட்டைத் தொட வேண்டியதில்லை.