பூப்போட்ட குரோஷே கார்டிகன்: எங்கே கெடுகிறது, ஏன் கெடுகிறது

பதிவு 1

பூ டிசைன் கார்டிகன் என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது சார்ட், அதாவது கட்டம் கட்டமாக வரைந்த டிசைன் படம். அது கடைசிக் கவலை. பாதிப் பேருக்கு வேலை கெடுவது ஸ்வாட்சில், அதாவது அளவு பார்க்க முதலில் போடும் மாதிரித் துண்டில்தான்.

பேச்சுக்கு ஒரே அளவை வைத்துக்கொள்வோம். மார்புச் சுற்றளவு 92 செ.மீ., தளர்வு 10 சேர்த்தால் முடிந்த அளவு 102 செ.மீ. டி.கே. தடிமன் நூல், அதாவது 100 கிராமுக்கு 200 முதல் 250 மீட்டர் வரை வருகிற ரகம். 4 மி.மீ. ஹூக். சிங்கிள் குரோஷேயில் 10 செ.மீ.க்கு 18 தையல், 20 வரிசை. கீழே எழுதுகிறவர்களும் இதையே வைத்துப் பேசினால் குழப்பம் வராது.

ஸ்வாட்சை ஒரே நிறத்தில் போட்டு அளப்பது வீண். இரண்டாவது நூலைத் தையலுக்குள் வைத்துப் போடும்போது கை தானாக இறுகும். 10 செ.மீ.க்கு 18 இருந்தது 20 ஆகிவிடும். பார்க்க இரண்டே தையல்தான். ஆனால் 92 தையல் உள்ள பின்பக்கம் 51 செ.மீ.க்குப் பதில் 46 செ.மீ.தான் வரும். முன்பக்கமும் அதே அளவு சுருங்கினால் மொத்தம் 10 செ.மீ. போச்சு, வைத்த தளர்வு முழுக்கக் காலி. அதனால் பூ வருகிற வரிசைகளுக்கு மட்டும் 4.5 மி.மீ. ஹூக். ஸ்வாட்சையும் ஒரு முழுப் பூவோடு, குறைந்தது 15 செ.மீ. அகலத்துக்குப் போட்டு, துவைத்துக் காயவைத்து அளக்க வேண்டும்.

இன்னொன்று. பேட்டர்ன் எந்த நாட்டு முறை என்று பாருங்கள். அமெரிக்க முறையில் சிங்கிள் என்பதுதான் பிரிட்டிஷ் முறையில் டபுள். வீட்டில் இருக்கும் பழைய குரோஷா புத்தகங்கள் பலவும் பிரிட்டிஷ் முறை. இங்கே நாம் சிங்கிள் என்று சொல்வது அமெரிக்க முறையின் சிங்கிள், உயரம் குறைந்த அந்தத் தையல்.

பதிவு 2

நிறம் மாற்றுவது பற்றி. புது நிறத்தை அந்த நிறத் தையலில் தொடங்கக் கூடாது, அதற்கு முந்தைய தையலில் தொடங்க வேண்டும். பழைய நிறத்தில் ஹூக்கை நுழைத்து நூலை இழுத்தாயிற்று, ஹூக்கில் இரண்டு கண்ணி இருக்கிறது. அங்கே நிறுத்தி, பழைய நூலை விட்டு, புது நூலைப் பிடித்து இரண்டு கண்ணி வழியாகவும் இழுங்கள். இப்போது ஹூக்கில் நிற்கும் கண்ணி புது நிறம். அடுத்த தையலின் தலை இந்தக் கண்ணிதான். இதைத் தவறவிட்டால் ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் பழைய நிறம் ஒரு புள்ளியாக ஒட்டிக்கொண்டு நிற்கும். பூ அழுக்குப் படிந்ததுபோல் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், நூலின் தரம் அல்ல.

மறுபக்க வரிசையில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். நேர்ப்பக்க வரிசையில் விடுகிற நூல் உங்களுக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும். திருப்பிப் போடும்போது மறுபக்கம் உங்களைப் பார்த்து இருக்கிறது. அப்போது விடுகிற நூலை உங்கள் பக்கம் கொண்டுவந்துவிட்டுத்தான் புது நூலை இழுக்க வேண்டும். மறந்தால் நேர்ப்பக்கத்தில் சின்னச் சின்னக் கோடுகளாகக் கிடக்கும். அதைப் பிறகு சரிசெய்ய வழியில்லை, பிரிக்கத்தான் வேண்டும். இரண்டு வரிசைக்கு ஒருமுறை துணியைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

உள்ளே வைத்துப் போகும் நூலை முந்தைய வரிசையின் தலைமேல் படுக்கவைத்து, ஹூக்கை அதற்கும் கீழே விட வேண்டும். 5, 6 தையலுக்கு ஒருமுறை துணியைப் பக்கவாட்டில் லேசாக நீட்டிவிடுங்கள், நூலை இழுக்காதீர்கள். நூலை இழுத்தால் துணி சுருங்கும். சுருங்கியதை பிளாக்கிங் (நனைத்து, அளவுக்கு விரித்துக் காயவைப்பது) காப்பாற்றாது, ஏனென்றால் உள்ளே இருக்கும் நூலுக்கு நீளவே இடமில்லை.

பதிவு 3

சார்ட் கணக்கு. கட்டம் போட்ட நோட்டில் 15-க்கு 15 என்று வட்டப் பூ வரைந்தால் துணியில் 8.3 செ.மீ. அகலம், 7.5 செ.மீ. உயரம் வரும். அமுக்கிவிட்ட பூ. 18 தையலும் 20 வரிசையும் ஒரே நீளம் என்பதால் 15 தையல் அகலத்துக்கு 17 வரிசை உயரம் வேண்டும். அந்த இரண்டு கூடுதல் வரிசையை மையத்தில் சேர்க்காதீர்கள், நடுப்பொட்டு முட்டை வடிவமாகிவிடும். மேல் இதழில் ஒன்று, கீழ் இதழில் ஒன்று.

பிறகு பூக்களை வரிசையாக வைப்பது. பின்பக்கம் 93 தையல் வைத்தால் ஓரம் 3, பூ 15, இடைவெளி 3 என்று ஐந்து பூ சரியாக உட்காரும். கடைசியிலும் 3 மிஞ்சும். முன்பக்கம் ஒவ்வொன்றும் 43 தையல், ஒவ்வொன்றிலும் இரண்டு பூ. இதை நடுவில் வைத்தால் இரு ஓரத்திலும் ஐந்து ஐந்து நிற்கும், தனியாகப் பார்க்க அழகு. பக்கத் தையல் போட்டதும் இடுப்போரத்தில் மட்டும் இடைவெளி பெரிதாகித் தெரியும். காரணம்: முன்பக்க ஓரம் 5, பின்பக்க ஓரம் 3, தைக்கும்போது இரண்டிலும் ஒவ்வொன்று உள்ளே போகும், மிச்சம் 6. மற்ற இடத்தில் எல்லாம் 3. அதனால் முன்பக்கத்தின் பக்க ஓரத்துக்கு 2 மட்டும் கொடுத்து, 8-ஐப் பட்டன் பட்டிப் பக்கம் தள்ளுங்கள். இரண்டும் மூன்றும் ஐந்து, தையலில் போவது இரண்டு, மிச்சம் மூன்று. பூ வரிசை பின்னாலிருந்து முன்னால் தடையில்லாமல் ஓடும்.

இன்னொரு முன்பக்கத்துக்கு இதே சார்ட்டைக் கண்ணாடிபோல் திருப்ப வேண்டும். சாதாரணமாக நேர்ப்பக்க வரிசையை வலமிருந்து இடம் படிப்போம், மறுபக்க வரிசையை இடமிருந்து வலம். இரண்டாவது முன்பக்கத்துக்கு அப்படியே மாற்றிப் படியுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பக்கப் பூவும் ஒரே திசையில் தலையைத் திருப்பி நிற்கும்.

பதிவு 4

திருப்பித் திருப்பிப் போடுவதிலேயே எனக்கு உடன்பாடில்லை. சிங்கிள் குரோஷேயின் முகமும் முதுகும் வேறு. வரிசைக்கு வரிசை அவை மாறி மாறி வருவதால் இதழின் ஓரம் ரம்பப் பல்லாகத் தெரியும். பூ சுத்தமாக வேண்டுமென்றால் திருப்பாமல் குழாய்போல் சுற்றாகப் போட்டு முன்பக்கத்தை வெட்டுவதுதான் முறை.

வெட்டுவதா என்று பயப்பட வேண்டாம். முன் நடுவில் 5 தையல் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். போட்டு முடித்ததும் அதில் 2-ஆவது, 4-ஆவது தையல்மேல் மெஷினில் நெருக்கமாக இரண்டு ஓட்டு ஓட்டுங்கள். 3-ஆவது தையலின் நடுவில் கத்தரி. பின்னலைப்போல் குரோஷே கடகடவென்று அவிழாது. ஆனால் அக்ரிலிக் வழுக்கும், மெஷின் தையல் இல்லாமல் வெட்டினால் நுனி ஒவ்வொன்றாக வெளியே வரும். பருத்தியிலும் அப்படித்தான்.

சுற்றாகப் போடுவதில் ஒரே தொல்லை சாய்வு. வலது கைக்காரர்களுக்குத் தையல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வலப்பக்கம் நகரும். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதனால் அளந்துவிடுங்கள். சுற்றான ஸ்வாட்சில் ஒரே தையல்மேல் வேறு நிறத்தில் 20 சுற்றுக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். உச்சி அடியைவிட 4 தையல் வலப்பக்கம் போயிருந்தால், சார்ட்டை 5 சுற்றுக்கு ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்தினால் போதும், பூ நிமிர்ந்து நிற்கும். நூலை ஹூக்குக்கு மேலே சுற்றாமல், ஹூக்கால் நூலைக் கீழ்நோக்கிப் பிடித்து இழுத்தாலும் சாய்வு குறையும். தையல் வி வடிவத்துக்குப் பதில் பெருக்கல் குறிபோல் விழும், இறுக்கம் கூடும். அப்போது ஸ்வாட்ச் மறுபடியும் போட வேண்டும், வேறு வழியில்லை.

பதிவு 5

பதிவு 4-க்கு: சுற்றாகப் போட்டால் நூலையும் சுற்று முழுக்கச் சுமக்க வேண்டுமே. எடையைக் கணக்கில் எடுக்கவில்லை.

10-க்கு 10 செ.மீ. ஸ்வாட்சைச் சமையலறைத் தராசில் வையுங்கள். 7 கிராம் என்று வைப்போம். உடல் 102-க்கு 58, கை இரண்டும் சராசரி 36-க்கு 45. மொத்தம் ஏறக்குறைய 92 ஸ்வாட்ச் பரப்பு, 644 கிராம். இப்போது உள்ளே சுமக்கும் நூல்: 10 செ.மீ. வரிசை 20 என்றால் ஒரு ஸ்வாட்சுக்கு 2 மீட்டர், கிட்டத்தட்ட 0.9 கிராம். கார்டிகன் முழுக்க ஒரு நூலைச் சுமந்தால் 80 கிராமுக்கு மேல் கூடும், இரண்டு நூல் என்றால் 160. எடையைவிடப் பெரிய பிரச்சினை விறைப்பு. மேலே போட்டதும் பாய்போல் நிற்கும், உடம்போடு விழாது. பூவை அடியோரத்தில் 15 செ.மீ. பட்டையாக மட்டும் வைத்தால் சுமை 14 கிராமோடு முடிந்தது.

பின்லாந்தில் கோர்ஸ்னேஸ் என்ற ஊரின் பெயரிலேயே ஒரு ஸ்வெட்டர் உண்டு. அடியோரம், தோள்பகுதி, கைமுனை போன்ற இடங்களில் குரோஷேயில் பலநிற வேலைப்பாடு, நடுப்பகுதி ஊசிப் பின்னல். கெட்டியான துணி தாங்கும் இடத்தில் கெட்டி, வளைய வேண்டிய இடத்தில் மெல்லிசு. நமக்கும் அந்தப் பங்கீடு போதும்.

முதுகின் நடுவில் ஒரே ஒரு பெரிய பூ வேண்டுமென்றால் நூலைச் சுமக்கவே கூடாது. பூவுக்கு வலப்பக்கத் தரைக்கு (பின்னணி நிறத்துக்கு) ஒரு கண்டு, இடப்பக்கத் தரைக்கு ஒரு கண்டு, பூவின் நிறங்களுக்குத் தனித்தனிச் சின்னக் கண்டு. துணி காயப்போடும் கிளிப்பில் 3, 4 மீட்டர் சுற்றி, நுனியைக் கிளிப் வாயில் கவ்வவைத்தால் தானாக அவிழாது. நேர்ப்பக்க வரிசை முடிந்ததும் துணியை வலப்பக்கமாகத் திருப்பினால், அடுத்த வரிசை முடிவில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். ஒரே திசையில் திருப்பிக்கொண்டே போனால் பத்து வரிசைக்குள் ஜடை விழுந்துவிடும். இந்த முறையில் பூ திருப்பித் திருப்பித்தான் வரும், பல் ஓரம் கொஞ்சம் இருக்கும். அணிந்தபிறகு இரண்டடி தள்ளி நின்றால் யாருக்கும் தெரியாது.

பதிவு 6

சாய்ந்த காம்பைச் சார்ட்டில் வைக்காதீர்கள். சிங்கிள் குரோஷேயில் ஒற்றைத் தையல் அகலக் கோடு படிக்கட்டாகத்தான் வரும், நடுநடுவே அறுந்ததுபோலவும் தெரியும். பூவையும் இலையையும் போட்டுவிட்டு, காம்பைப் பிறகு மேலே ஸ்லிப் ஸ்டிச்சாக ஓட்டுங்கள். பச்சை நூல் துணிக்கு அடியில், ஹூக் மேலிருந்து உள்ளே, கண்ணியை மேலே இழுத்து ஹூக்கில் இருக்கும் கண்ணி வழியாக விட வேண்டும். அரை மி.மீ. பெரிய ஹூக் எடுங்கள், இல்லையென்றால் காம்பு நெடுகத் துணி சுருங்கும். மகரந்தப் பொட்டுகளையும் ஊசியால் முடிச்சுத் தையலாக வைத்துவிட்டால் சார்ட்டில் இரண்டு நிறம் மிச்சம்.

பதிவு 7

நூலும் நிறமும். கடையில் உல்லன் என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் அக்ரிலிக். கெட்டதில்லை, லேசானது, சாயம் போகாது. இஸ்திரிப் பெட்டியை மட்டும் மேலே வைக்காதீர்கள், உருகித் தொய்ந்தது தொய்ந்ததுதான். 5 செ.மீ. உயரத்திலிருந்து ஆவி காட்டினால் போதும்.

பிளை எண்ணை நம்பி நூல் வாங்காதீர்கள். அது எத்தனை இழை முறுக்கியிருக்கிறது என்பதைத்தான் சொல்லும், தடிமனைச் சொல்லாது. ஒரே 4 பிளை என்று வாங்கிய சிவப்பும் வெள்ளையும் தடிமன் வேறாக இருந்தால் பூ மேடாக எழும்பும். கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று லேபிளில் பாருங்கள்.

பருத்தியில் சிவப்பு, மெரூன், கருநீலம் மூன்றும் ஆபத்து. வெள்ளைத் தரையில் போடுமுன் நூலை வளையமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீர் தெளிவாகும்வரை அலசுங்கள். வினிகர், உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று எல்லாக் குழுவிலும் ஒருவர் சொல்வார். சாயமிட்டு முடிந்த பருத்தியில் அது வேலைக்காகாது.

நிறத் தேர்வுக்குச் சுலபமான சோதனை: கண்டுகளை அருகருகே வைத்துப் போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். ரோஜா நிறமும் இலைப் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் தூரத்தில் இதழும் இலையும் கலந்துவிடும். இன்னொன்று, வெள்ளைக்குள் கரும்பச்சையைச் சுமந்தால் நிழலாக அடியில் தெரியும். அந்த இடத்தில் பதிவு 5 சொன்ன தனிக்கண்டு முறைதான் சரி.

பதிவு 8

பட்டன் பட்டி அலை அலையாக நிற்கிறது என்றால் தையல் அதிகம் எடுத்துவிட்டீர்கள். வரிசை ஓரத்தில் ஒன்றுக்கு ஒன்று எடுக்கக் கூடாது. 20 வரிசைக்கு 18 தையல் என்பதால் 10 வரிசைக்கு 9. முன் ஓரம் 50 செ.மீ., 100 வரிசை என்றால் 90 தையல். 6 பட்டனுக்கு: அடியில் 4, துளைக்கு 2, நடுவில் 14, மறுபடி துளை 2 என்று போய் மேலே 4. கூட்டிப் பாருங்கள், 90 வரும். துளைக்கு இரண்டு செயின் போட்டு இரண்டு தையலைத் தாண்டுங்கள். பெண்கள் உடை என்றால் துளை அணிபவரின் வலப்பக்கம். பட்டனை முன்பே வாங்கி ஸ்வாட்சில் நுழைத்துப் பாருங்கள், துளை நாளடைவில் தளரும், சற்று இறுக்கமாக இருப்பதே நல்லது.

பதிவு 9

தோள்பட்டையை விட்டுவிட்டீர்களே. 700 கிராம் எடை முழுக்கத் தொங்குவது அந்த இரண்டு தோள் மூட்டில். தோள் மூட்டோடு பின்கழுத்தையும் சேர்த்து உள்பக்கம் ஒரு வரிசை இறுக்கமான ஸ்லிப் ஸ்டிச், அல்லது ஒரு செ.மீ. பருத்தி நாடா வைத்துக் கைத்தையல். கைமுனையில் பூப்பட்டை வைத்தால் அது நீளாது என்பதையும் நினைவில் வையுங்கள். கை மூடிய நிலையில் விரல்முட்டிச் சுற்றளவை அளந்து, அதற்கு 2 செ.மீ. கூடுதல்.

துவைத்ததும் கொடியில் போடாதீர்கள். ஈரத்தில் எடை இன்னும் கூடும், கை முழங்கால்வரை இறங்கும். துண்டில் சுருட்டி அமுக்கித் தண்ணீரை எடுத்துவிட்டு, தரையில் வேறொரு துண்டின்மேல் விரித்து, பட்டன்களைப் போட்டு, பூ வரிசையை அளவுகோல் வைத்து நேராக்கிவிட்டு அப்படியே விடுங்கள். மறுநாள் ஒருமுறை திருப்பிப் போட்டால் போதும்.