நான்கு குளிர்காலம் குடியிருந்த வேனை விற்றோம்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

2025 ஏப்ரலில் எங்கள் வேனை விற்றோம். விடுமுறைக்கு மட்டும் எடுத்துப் போகிற வண்டி இல்லை அது. நானும் மனைவியும் நான்கு குளிர்காலம் அதில்தான் குடியிருந்தோம். அவர் ஏஜென்சி நர்ஸ். இங்கிலாந்தில் எந்த ஊரில் ஷிஃப்ட் கிடைக்கிறதோ அந்த ஊருக்குப் போவோம். எனக்குக் கணினி வேலை, சிக்னல் இருந்தால் போதும். ஷெஃபீல்டில் அவருக்கு நிரந்தர வேலை கிடைத்ததும் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தோம். அந்தக் குறுகிய தெருவில் ஆறு மீட்டர் வண்டியை நிறுத்த இடம் கிடைப்பதே தினமும் பெரும்பாடாகிவிட்டது. சரி, விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். விற்க ஒன்பது வாரம் ஆனது.

வண்டி 2017 பதிவு பெஜோ பாக்ஸர், நீளம் ஆறு மீட்டர், உயரக் கூரை. இந்த வகை வேனின் உள் அகலம் ஏறக்குறைய 1.87 மீட்டர் என்பதால் குறுக்கே கட்டில் போட முடியும், நீளத்தில் நிறைய இடம் மிஞ்சும். 2021இல் 11,800 பவுண்டுக்குக் காலி வேனாக வாங்கி, ஏழு மாதம் வேலை செய்தோம். கூரையில் 525 வாட் சோலார், கட்டிலுக்கு அடியில் இரண்டு 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, டீசல் ஹீட்டர், கேஸ் அடுப்பு, சிறுநீரைத் தனியே பிரிக்கும் உலர் கழிப்பறை. பொருள்களுக்கு மட்டும் 10,400 பவுண்டு.

முதலில் விலை. வண்டி விலை, பொருள் விலை, அதற்கு மேல் எங்கள் ஏழு மாத உழைப்புக்கு ஒரு தொகை என்று கூட்டி 26,500 போட்டேன். மூன்று வாரம் ஒருவரும் வரவில்லை. வாங்குகிறவருக்கு என் உழைப்பு கண்ணில் படாது. அவருக்குத் தெரிவது எட்டு வயது வண்டியும், யாரோ ஒருவர் வீட்டில் வைத்துச் செய்த ஒயரிங்கும்தான். அதிலும் பெருந்தொற்று ஆண்டுகளில் எல்லோரும் வேன் தேடியபோது இருந்த விலையை மனதில் வைத்துக்கொண்டு இப்போது விற்க முடியாது. 22,000 என்று இறக்கியபின் போன் வர ஆரம்பித்தது.

வந்தவர்களில் பாதிப்பேர் வார இறுதிக்கு வண்டி தேடுகிறவர்கள். எத்தனை பேர் படுக்கலாம், பெல்ட் போட்ட இருக்கை எத்தனை, வெளியே கூடாரத் துணி உண்டா என்று கேட்டார்கள். எங்களுடையது இரண்டு பேர் வாழ்வதற்கு என்று கட்டியது. கட்டிலை மடிக்க முடியாது. என் வேலை மேசைக்கும் அரிசி டப்பாவுக்கும் நிரந்தர இடம் உண்டு, மூன்றாவது ஆளுக்கு இடம் கிடையாது. விளம்பரத்தில் முதல் வரியிலேயே "இருவர் முழுநேரம் வாழக் கட்டியது, பயணத்துக்கு இரண்டு இருக்கை மட்டும்" என்று மாற்றினேன். போன்கள் குறைந்தன. ஆனால் கேள்விகள் தெளிவாக வந்தன.

ஐந்தாவது வாரம் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். தனியாக விற்கிற யாருக்கும் இது நடக்கலாம்.

ஒரு சனிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் உள்ளே ஏறி, கட்டிலைத் தூக்கிக் காட்டுங்கள், பேட்டரியைக் காட்டுங்கள் என்று என்னை நிறுத்தி வைத்துக்கொண்டார். இன்னொருவர் முன்னால் பானட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தார். ஐந்து நிமிடத்தில் "கொஞ்சம் வெளியே வாருங்கள்" என்று கூப்பிட்டார்கள். சைலன்ஸரிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பானட்டைத் திறந்திருந்தவர், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினார், உள்ளே எண்ணெய் மிதந்தது. "ஹெட் கேஸ்கட் போய்விட்டது, இன்ஜினே காலி. இருந்தாலும் இப்போதே 9,000 ரொக்கமாகத் தருகிறோம்" என்றார்.

எனக்குக் கை நடுங்கியது. என் மனைவி மட்டும் பதறவில்லை. தமிழில், "என்னங்க, காலையில படம் எடுத்தீங்களே, அதைப் பாருங்க" என்றார். விளம்பரத்துக்காக அன்று காலையில்தான் இன்ஜின் பகுதியைப் படம் எடுத்திருந்தேன். அதில் கூலன்ட் சுத்தமான இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தது. படத்தைக் காட்டி, வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொன்னதும் மூவரும் வேகமாகக் கிளம்பிப் போய்விட்டார்கள். ஒருவர் பேச்சுக் கொடுக்கும்போது இன்னொருவர் கூலன்ட் தொட்டியிலும் சைலன்ஸரிலும் எண்ணெயை ஊற்றுவது பிரிட்டனில் பலமுறை செய்தியில் வந்த மோசடி என்று அப்புறம்தான் தெரிந்தது. மெக்கானிக் கூலன்டில் இன்ஜின் புகை கலந்திருக்கிறதா என்று சோதித்துப் பார்த்து, எண்ணெயும் கூலன்டும் கலக்காமல் தடுக்கும் அந்த ஹெட் கேஸ்கட் நன்றாக இருக்கிறது என்றார். எல்லாவற்றையும் கழுவி மாற்ற 180 பவுண்டு ஆனது. போலீசில் புகார் கொடுத்தோம். வண்டியைக் காட்டும்போது கட்டாயம் இரண்டு பேர் இருங்கள். பானட்டை நீங்களே திறந்து, நீங்களே மூடுங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

அதற்குப் பின் ஒரு வாரம் விளம்பரத்தையே எடுத்துவிட்டேன். அந்த வாரம்தான் ஒரு உருப்படியான வேலை செய்தோம். சமையல் பக்கத்துச் சுவரைப் பிரித்தோம்.

தினமும் குக்கரில் சோறு, ரசம், இட்லி என்று நான்கு வருடம் அந்தச் சின்ன இடத்தில் சமைத்திருக்கிறோம். கூரை விசிறி ஓடினாலும் ஆவி எல்லாம் வெளியே போகாது. சூடான ஈரக் காற்று குளிர்ந்த தகரத்தைத் தொட்டால் நீராகிவிடும். ஜன்னலுக்குக் கீழே ஓரிடத்தில் இன்சுலேஷன் ஷீட்டின் இணைப்பில் நான் டேப்பைச் சரியாக ஒட்டவில்லை. அங்கே இரண்டு கை அகலத்துக்குப் பூசணம் பிடித்து, தகரத்தில் துருவும் தொடங்கியிருந்தது. சுரண்டி, துரு தடுக்கும் பெயின்ட் அடித்து, புது ஷீட் ஒட்டினோம். திறந்தபோது, சரிசெய்தபோது, மூடியபோது என்று ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்தேன். அந்தப் படங்களை அப்படியே விளம்பரத்தில் போட்டேன். நண்பர்கள் வேண்டாம் என்றார்கள். எனக்கு அதில் உறுதி இருந்தது. தனிநபர் விற்பனையில் வண்டியைப் பற்றிப் பொய் சொன்னால் சட்டப்படியும் சிக்கல்தான். அதைவிட, அந்தச் சுவருக்குப் பக்கத்தில் தலைவைத்து ஒருவர் தினமும் தூங்கப் போகிறார்.

அந்தப் படங்களைப் பார்த்துத்தான் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் போன் செய்தார். முதல் கேள்வியே, "டிசம்பரில் உங்களுக்கு எவ்வளவு மின்சாரம் கிடைத்தது?" அதுவரை யாரும் கேட்காத கேள்வி. எங்களிடம் நான்கு வருடக் குறிப்பு இருந்தது. ஜூனில் ஒரு நாளைக்கு 2 யூனிட்டுக்கு மேல். டிசம்பரில் பல நாள் கால் யூனிட்கூடத் தேறாது, ஃபிரிட்ஜுக்கே அது போதாது. அப்போதெல்லாம் ஓட்டித்தான் பேட்டரியை நிரப்புவோம். இன்ஜினிலிருந்து பேட்டரிக்குப் போகும் 30 ஆம்பியர் சார்ஜர் ஒரு மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய 0.4 யூனிட் தரும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதால்தான் அதை வண்டிக்கு அடியில் வைக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்தோம். இத்தனையும் சொன்னேன். "குளிர்காலத்திலும் கரண்ட் பிரச்சினையே இல்லை என்று சொன்ன மூன்று பேரின் வண்டியை நான் பார்க்கவே போகவில்லை" என்றார் அவர்.

ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். ஒரு இரவு உள்ளே தூங்கிப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பீக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் ஒரு கேம்ப்சைட்டுக்கு நானே ஓட்டிப் போய் நிறுத்தி, சாவியை என்னிடமே வைத்துக்கொண்டு, நாங்கள் இருவரும் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கினோம். இரவு 3 டிகிரி. அவர் சமைத்தார், குளித்தார், ஹீட்டரை அணைத்தும் போட்டும் பார்த்தார். காலையில் ஒன்பது கேள்வி எழுதி வைத்திருந்தார். ஒயரிங் படம், ஒவ்வொரு ஃபியூஸும் எதற்கு என்ற பட்டியல், சுவர் மூடுமுன் எடுத்த படங்கள், கேஸ் சோதனைச் சான்று, எடை மேடைச் சீட்டு எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. 1997க்குப் பிறகு எடுத்த சாதாரணக் கார் உரிமத்தில் இந்த மாதிரி வண்டியை 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம், எங்கள் வண்டி தண்ணீரும் சாமானும் நிறைந்து 3,210 கிலோ. அந்தச் சீட்டை அவர் இரண்டு முறை வாங்கிப் பார்த்தார்.

முந்தின நாள் தென்காசியிலிருந்து அப்பா போனில், "வெள்ளிக்கிழமை சாவியைக் கைமாத்தாதேப்பா, சனிக்கிழமை கொடு" என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னபடியே ஆனது. 19,750 பவுண்டு. பணம் என் கணக்கில் வந்துவிட்டது என்று வங்கி ஆப்பில் பார்த்த பிறகே வண்டிப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவின் இணையதளத்தில் உரிமை மாற்றத்தைப் பதிந்தேன், பதிவுச் சான்றின் பச்சைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். சாலை வரி வண்டியோடு போகாது. வாங்குகிறவர் புதிதாகக் கட்டினால்தான் ஓட்டலாம், மீதமுள்ள முழு மாதங்களுக்கான தொகை நமக்குத் திரும்பி வரும். ஆசிரியை கேம்ப்சைட் அலுவலகத்தில் உட்கார்ந்தே வரியும் காப்பீடும் கட்டிவிட்டுக் கிளம்பினார்.

மூன்றாம் நாள் இரவு அவரிடமிருந்து செய்தி: "ஹீட்டரை அணைத்த பிறகும் விசிறி ஓடுகிறதே?" நான் போனை எடுப்பதற்குள் மனைவி பதில் எழுதிவிட்டார்: "சூடு ஆறும்வரை ஓடும், சில நிமிடத்தில் தானாக நிற்கும். அதற்குள் மெயின் சுவிட்சை அணைத்துவிடாதீர்கள்."

லண்டனிலிருந்து

என்னுடையது 2014 வேன், யூரோ 5 டீசல். 2023 ஆகஸ்ட் 29 அன்று யூலெஸ், அதாவது அதிகப் புகை விடும் பழைய வண்டிகளுக்கான தினக் கட்டணம், லண்டன் முழுவதற்கும் வந்தது. என் வேனை வீட்டு வாசலிலிருந்து எடுத்தாலே அன்றைக்கு 12.50 பவுண்டு. செப்டம்பரில் விளம்பரம் போட்டேன். லண்டன் ஆட்கள் ஆண்டைக் கேட்டதும் போனை வைத்துவிடுவார்கள். கடைசியில் வேல்ஸ் கிராமத்துப் பையன் ஒருவன் வாங்கினான். அவனுக்கு யூலெஸ் ஒரு பொருட்டே இல்லை. உங்கள் வண்டி எந்த வகை என்று பார்த்து, அதற்கேற்ற ஊரில் விளம்பரம் செய்யுங்கள். நான் ஆறு வாரத்தை வீணாக்கினேன்.

பிரிஸ்டலிலிருந்து

நான் யாழ்ப்பாணம். தனிப் பொம்பிளையாக இரண்டு வருசம் வானில் இருந்தனான். விற்கும்போது எனக்குப் பெரிய பயம் என்னவென்றால், பார்க்க வாற ஆக்கள் பார்ப்பது என்ர வீட்டை. நான் இரவில் எங்கே நிற்பாட்டுறன் என்று அவைக்குத் தெரியக் கூடாது. அதனால் எப்பவும் பகலில், சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கில், கமரா இருக்கிற இடத்தில்தான் காட்டினேன். சிநேகிதி ஒருத்தி கூட வருவாள். விளம்பரப் படத்தில் நம்பர் பிளேட்டையும் ஜன்னலுக்கு வெளியே தெரியிற இடத்தையும் மறைச்சுப் போட்டேன்.

மற்றது, வித்த அன்றைக்கு எங்கே படுக்கிறது என்று முதலே யோசியுங்கோ. எனக்குக் காசு வந்த அரை மணித்தியாலத்தில் வான் போயிட்டுது. நான் நாலு பையோடு ரோட்டில் நின்றேன். அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர இரவு பதினொரு மணி. சாமான்களை ஒரு கிழமைக்கு முதலே இறக்கியிருக்க வேணும்.

இன்வர்னஸிலிருந்து

நான் வாங்குகிற பக்கம். நான்கு வண்டி பார்த்தேன். மூன்றாவது வண்டி பார்க்க அவ்வளவு அழகு, மரவேலை எல்லாம் பிரமாதம். பேட்டரியிலிருந்து கிளம்பும் பெரிய ஒயரில் ஃபியூஸ் எங்கே என்று கேட்டேன். விற்றவர் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்றார். பலகையைக் கழற்றிக் காட்ட முடியுமா என்றால் முடியாது என்றார். மெயின் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால் தடுக்க எதுவும் இல்லை. கீழே குனிந்து பார்த்தேன். ஹீட்டரின் புகைக்குழாய் பக்கவாட்டுக் கதவுக்கு நேர் கீழே முடிந்திருந்தது. கதவைத் திறந்து வைத்தால் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடு உள்ளேதான் வரும். உள்ளே அலாரமும் இல்லை. ஓட்டிப் பார்க்காமலே திரும்பிவிட்டேன். என் மகனும் என்னோடு அதில் தூங்குவான்.

இன்னொன்று, இங்கே ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் தங்கலாம் என்று விளம்பரத்தில் எழுதுகிறார்கள். 2003 நிலச் சீர்திருத்தச் சட்டம் தருகிற உரிமை கூடாரத்துக்குத்தான், மோட்டார் வண்டிக்கு இல்லை. அதை நம்பி வாங்காதீர்கள்.

முதல் பதிவு எழுதியவருக்கு: உங்கள் ஒயரிங் படத்தைப் பகிர முடியுமா? நானே கட்டலாம் என்று இருக்கிறேன்.

ஷெஃபீல்டிலிருந்து மறுபடியும்

அந்தக் கோப்பு இப்போது வண்டியை வாங்கிய ஆசிரியையிடம் இருக்கிறது, அவரிடம் கேட்டுவிட்டேன். தாராளமாகக் கொடுங்கள் என்றார். இந்த வாரம் படத்தைத் தமிழில் குறிப்பெழுதி அனுப்புகிறேன். நீங்கள் சொன்ன மெயின் ஃபியூஸ் எங்கள் வண்டியில் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. ஒயர் வாங்குவதற்கு முன் மொத்த ஆம்பியரையும் ஒயரின் நீளத்தையும் எனக்கு எழுதுங்கள், தடிமனைச் சேர்ந்து கணக்குப் போடலாம்.