புதுப்பிப்பு: முப்பரிமாண நெசவில் செங்குத்து இழை அறுந்த பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. புதிதாக வருபவர்களுக்கு: சிலிக்கான் கார்பைடு (அதிக வெப்பம் தாங்கும் பீங்கான் வகை) இழைத்துணியை அடுக்கிச் செய்த எங்கள் தகடுகள் அடுக்கடுக்காகப் பிரிந்தன. அதனால் பாவு, ஊடையோடு தடிமன் வழியாகவும் இழை ஓடும் நெசவுக்கு மாறினோம். தறியில் அந்தச் செங்குத்து இழை பிசிறிப் பிசிறி அறுந்தது; அதைத் தடுக்கும் வழியைத்தான் இங்கே கேட்டிருந்தேன்.

பலன் தந்தது, இழைக்கற்றை மேல் மெல்லிய ரேயான் நூலைச் சுற்றச் சொன்ன யோசனைதான். கூர்மையான வளைவிலும் இப்போது பிசிறவில்லை. இழையைக் காக்கும் பசைப்பூச்சை மட்டும் கூட்டிப் பார்த்தோம், போதவில்லை.

ஒரு எச்சரிக்கை. நெசவு முடிந்ததும் ரேயானை நீக்கிவிட வேண்டும். அதை முதலில் நைட்ரஜனில் சூடாக்கினோம், கரி தங்கிவிட்டது. பிறகு காற்றில், 600 டிகிரிக்குக் கீழே மெதுவாக எரித்ததும் சுத்தமாகப் போனது. அதற்குப் பிறகே இழைகளுக்குப் போரான் நைட்ரைடு பூச்சு (விரிசல் இழையை அறுக்காமல் திசைதிருப்பும் மெல்லிய படலம்).

எதிர்பாராதது: சுமார் 1000 டிகிரியில் வாயு ஊடுருவல் (வாயுவைச் செலுத்தி இழைகளுக்கிடையே சிலிக்கான் கார்பைடைப் படியவைப்பது) நடக்கையில் மேற்பரப்புத் துளைகள் முதலில் அடைபட்டு, உள்ளே வெற்றிடம் நின்றது. பாதியில் நிறுத்தி மேற்பரப்பைத் தேய்த்துத் திறந்தோம், ஓரளவு சரியானது. செங்குத்து இழையை ஒட்டிய பெரிய பொந்துகள் அப்போதும் நிரம்பவில்லை; அவற்றில் பாலிகார்போசிலேனை (சுட்டால் சிலிக்கான் கார்பைடாக மாறும் பாலிமர்) ஊறவைத்துச் சுட்டோம். சுடும்போது அது சுருங்கும், ஆகவே பலமுறை திரும்பச் செய்ய வேண்டும்.

குறுங்கட்டைச் சோதனையில் (குட்டையான துண்டை வளைத்து அடுக்குகள் பிரிகிறதா என்று பார்ப்பது) தகடு இனி அடுக்காகப் பிரியவில்லை! நீளவாக்கு இழுவலிமை கொஞ்சம் குறைந்தது. செங்குத்து இழை இடம் பிடிப்பதால் அது நியாயமே. சூடான பாகங்களுக்கு இந்த விலையை நான் தயங்காமல் கொடுப்பேன்.