முகத்தை மட்டும் வெளிச்சமாக்குவது எப்படி? அவசரம்

தூறல்:
வணக்கம். சன்னலருகே அமர்ந்திருக்கும் பாட்டியின் படத்தில் முகம் இருண்டிருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் சன்னலும் சுவரும் சேர்ந்து வெளுத்துவிடுகின்றன. மாஸ்க் (ஒரு பகுதியில் மட்டும் மாற்றம் செய்யும் வசதி) போட வேண்டும் என்கிறார்கள். அது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. நாளை காலை பிரிண்டுக்குக் கொடுக்க வேண்டும்.

வெயில்மழை:
எந்தச் செயலி, ஆண்ட்ராய்டா ஐபோனா என்று சொல்லுங்கள். லைட்ரூம் என்றால் மாஸ்க் வசதிக்குச் சந்தா கட்ட வேண்டியிருக்கும்.

பழையலென்ஸ்:
செயலி எதுவானால் என்ன? சன்னல் வெளிச்சத்தைக் கணக்கில் கொண்டு கேமரா எக்ஸ்போஷரை, அதாவது பதியும் ஒளியின் அளவை, குறைத்திருக்கிறது. ராவில் (சென்சார் தரும் முழு விவரமும் உள்ள கோப்பு) எடுக்காமல் ஜேபெக்கில் (சுருக்கிய சாதாரணப் படக்கோப்பு) எடுத்துவிட்டு நிழலில் விவரம் தேடுவது வீண். புதியவர்கள் அடிப்படையைப் படித்துவிட்டுக் கேட்பது நல்லது.

தூறல்:
ஸ்னாப்சீட், ஆண்ட்ராய்டு.

கரிசல்மண்:
அதில் மாஸ்க் தனிக் கருவியாக இல்லை என்பதால்தான் பலருக்கும் கண்ணில் படுவதில்லை. முதலில் ட்யூன் இமேஜ் என்ற கருவியில் பிரைட்னஸைத் தொடாமல் ஷேடோஸை (இருண்ட பகுதிகளின் வெளிச்சம்) மட்டும் உயர்த்தி டிக் கொடுங்கள். பிரைட்னஸை ஏற்றினால் தோலின் நிறம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். பிறகு மேலே உள்ள அடுக்குக் குறியைத் தொட்டு, வியூ எடிட்ஸ் சென்று, ட்யூன் இமேஜ் என்ற பெயரைத் தொட்டால் வரும் தூரிகைக் குறியைத் தேர்ந்தெடுங்கள். செய்த மாற்றம் மறைந்துவிடும். விரலால் தீட்டும் இடத்தில் மட்டும் அது திரும்ப வரும். மாற்றத்தின் அளவை 50 அல்லது 75இல் வையுங்கள்; 0இல் வைத்துத் தீட்டினால் அந்த மாற்றம் அழியும். தூரிகையின் பருமனை மாற்ற வழியில்லை. படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு தீட்டினால் கோடு மெலிதாகும். காதோரத்தையும் முடியோரத்தையும் அப்படித்தான் தீட்ட வேண்டும், இல்லாவிட்டால் தலையைச் சுற்றி வெளிச்ச வளையம் தெரியும்.

வெயில்மழை:
இவ்வளவு சிரமம் எதற்கு? செலக்டிவ் கருவியில் கன்னத்தில் ஒரு புள்ளி வைத்து, இரு விரலால் வட்டத்தைச் சுருக்கினால் போதுமே.

கரிசல்மண்:
செலக்டிவ் அந்தப் புள்ளியின் நிறத்தை ஒத்த இடங்களைத் தேடிப் பிடிக்கிறது. பின்னால் மரச்சட்டமோ பழுப்புச் சுவரோ இருந்தால் வட்டத்துக்குள் அவையும் வெளுக்கும். முகத்தின் எல்லையை நாமே வரைவதே பாதுகாப்பு.

பழையலென்ஸ்:
எப்படித் தீட்டினாலும் ஜேபெக் நிழலில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் எழும்.

கரிசல்மண்:
அளவாக உயர்த்தினால் சிறிய பிரிண்டில் அது உறுத்தாது. எடுத்து முடித்த படத்துக்கு ராவைப் பற்றிப் பேசி அவருக்கு என்ன பயன்?

தூறல்:
தூரிகை கிடைத்தது. முகம் தெளிவாக வந்துவிட்டது, நன்றி.

வெயில்மழை:
எந்த அளவில் தீட்டினீர்கள்? பின்னால் சுவர் என்ன நிறம்?