கடவுள்மேல் கோபத்தோடு பாவசங்கீர்த்தனத்துக்குப் போன அனுபவம்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் எங்கள் ஊர். 2017 நவம்பர் 29 இரவு ஒக்கிப் புயல் வந்தபோது என் தம்பி பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் தொழிலில் இருந்தான். இன்றுவரை வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு டிசம்பர் 3, கிறிஸ்து பிறப்புக்குத் தயாராகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அதுவரை ஊரே கரையில்தான் கிடந்தது. கோயிலில் முதல் ஊதா மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு நற்செய்தி வாசித்தார்கள். மாற்கு 13. விழிப்பாயிருங்கள், வீட்டுத் தலைவர் மாலையில் வருவாரோ, நள்ளிரவிலோ, சேவல் கூவும் வேளையிலோ, காலையிலோ, உங்களுக்குத் தெரியாது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாலு வேளையும் நாங்கள் விழித்துத்தானே இருக்கிறோம், நீர்தான் தூங்குகிறீர் என்று மனதுக்குள் கத்தினேன். பாதிப் பூசையில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். பக்கத்தில் அம்மா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கவில்லை.

அப்புறம் பூசைக்குப் போவேன், நற்கருணை அப்பம் வாங்க மாட்டேன். வருடத்துக்கு ஒருமுறையாவது குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம், பாஸ்கா என்னும் உயிர்ப்புக் காலத்தில் நற்கருணை என்று மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்தது நினைவில் இருந்தது. ஆனால் 2018, 2019 உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலம் இரண்டிலும், குரு உட்கார்ந்து கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டி வரைக்கும் போய், என் முறை வருமுன் வரிசையிலிருந்து விலகிவிட்டேன். கடவுளைத் திட்டியதை எந்தக் கட்டளைக்குக் கீழே சொல்வது?

2020இல் கொரோனா. கோயில்கள் பூட்டியிருந்தன. மார்ச் 27 இரவு பத்தரை மணிக்கு, மழையில் யாருமில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் நிற்பதை அம்மாவும் நானும் போனில் பார்த்தோம். அன்றைக்கு வாசித்தது புயலை அடக்கிய நற்செய்தி. இயேசு படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீடர்கள் எழுப்பி, சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்கிறார்கள். நூறு தடவை கேட்ட வாசகம்தான். என் வாயில் இருந்த சொல்லை அவர்கள் அப்போதே சொல்லியிருக்கிறார்கள் என்பது அன்றுதான் உறைத்தது. அம்மா போனை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார்.

அந்த வருடம் திருவருகைக் கால முதல் ஞாயிறு நவம்பர் 29இலேயே வந்தது. வாசக வட்டம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்புவதால் அதே மாற்கு 13. முந்தின நாள் சாயங்காலம் போனேன். தொற்றுக்குப் பயந்து கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு நாற்காலி, நடுவே நல்ல இடைவெளி, இருவருக்கும் முகக்கவசம். "சாமி, மூணு வருஷம் ஆச்சு" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், சொல்ல நினைக்காத ஒன்றும் வந்துவிட்டது. அடுத்த வீட்டு அக்காவின் மகன் அதே புயலில் லட்சத்தீவில் கரையேறி உயிரோடு திரும்பினான். அன்றிலிருந்து அந்த அக்காவோடு நான் பேசவில்லை. குடத்தோடு எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஃபாதர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "கடவுள்கிட்ட கத்தினதுக்கு மன்னிப்புக் கேட்கிறீங்க. அது ஜெபம்தாம்மா. படகிலிருந்தவங்களும் கோபத்தோடதான் எழுப்பினாங்க, ஆனா அவரைத்தான் எழுப்பினாங்க. அந்த அக்கா விஷயம்தான் பாவம்" என்றார். பாவப் பரிகார அபராதமாக, திருப்பாடல் 88ஐ வீட்டில் சத்தமாக வாசிக்கச் சொன்னார். இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிற பாடல் அது. அப்புறம் அக்கா வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். பாடலை அன்றிரவே வாசித்துவிட்டேன். கதவைத் தட்ட ஒன்பது நாள் ஆனது.

இதுபோல நடந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

பதில், நாகப்பட்டினத்திலிருந்து:

சகோதரி, உங்கள் கதையைப் படித்ததும் 2004 சுனாமி திரும்ப வந்தது. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் பிழைத்தோம், வீடு போயிற்று.

நான் சொல்ல வந்தது வேறு. நிவாரணப் பொருள் கொடுத்தபோது இரண்டு முகாமில் பெயர் எழுதினேன். அரிசி, பாத்திரம், மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாம் இரண்டிரண்டு. அடுத்த தவக்காலத்தில், 2005 மார்ச்சில், பாவசங்கீர்த்தனத்தில் இதை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடப் பார்த்தேன். சாமியார் நிறுத்தினார். "அடுப்பு இன்னும் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். பட்டியலில் விடுபட்ட வீட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, பாஸ்கா திருவிழிப்புக்கு வா என்றார். அப்படி ஒரு வீட்டைத் தேடவே நான்கு நாள் அலைந்தேன். வயதான அம்மா ஒருவர், மகன் வீட்டில் பெயர் இருப்பதாகச் சொல்லி விட்டிருந்தார்கள். அந்த மகனே இல்லை. அடுப்பை வைத்ததும் திரியை ஏற்றியிறக்கிப் பார்த்துவிட்டு, "டீ குடிச்சிட்டுப் போ தம்பி" என்றார். கண்ணாடித் தம்ளரின் சூடு இன்னும் கையில் இருக்கிறது.

பதில், பாளையங்கோட்டையிலிருந்து:

நாங்கள் சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபை. எங்களுக்குத் தொட்டி கிடையாது. ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோம். கூட்டத்தில் ஒளிந்துகொள்வது சுலபம், நான் பல வருடம் அப்படித்தான் ஒளிந்தேன். லெந்து என்று நாங்கள் சொல்லும் தவக்காலத்தில் ஒரு நாள், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனத்தின்மேல் பிரசங்கம். வீட்டுமனைத் தகராறில் அண்ணனோடு ஆறு வருடம் பேச்சில்லை. காணிக்கைப் பை என் வரிசைக்கு வந்தபோது அப்படியே அடுத்தவருக்குக் கடத்திவிட்டேன். அன்று மதியமே பஸ் ஏறினேன். மனை விஷயம் இன்னும் தீரவில்லை, பேச்சு இருக்கிறது.

அக்கா, ஒன்று கேட்கலாமா? உடல் கிடைக்காதவர்களுக்குக் கல்லறைத் திருநாளில் என்ன செய்வீர்கள்?

முதலில் எழுதியவர்:

கேட்டதற்கு நன்றி தங்கச்சி. யாரும் கேட்பதில்லை. நவம்பர் 2 சாயங்காலம் ஊரே கல்லறைத் தோட்டத்தில் பூவும் மெழுகுவர்த்தியுமாக இருக்கும். அம்மாவும் நானும் கடற்கரைக்குப் போவோம். முதல் வருடம் காற்றில் ஒரு மெழுகுவர்த்தியும் நிற்கவில்லை, ஒரு தீப்பெட்டியே காலியானது. இப்போது சிரட்டையில் ஈரமணலை அள்ளி நடுவே மெழுகுவர்த்தியை ஊன்றுகிறோம். சிரட்டைகளை முந்தின வாரமே அடுத்த வீட்டு அக்கா எடுத்து வைத்துவிடுவார். அவர் மகன் கரையில் இருந்தால் கூடவே வந்து, காற்று வரும் பக்கமாகக் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் மறைத்துக்கொள்வான். நாங்கள் ஜெபமாலை முடிக்கும்வரை அசையமாட்டான்.