ஓட்டும்போது பின் பேட்டரி சார்ஜ் ஏறல, ஐடிலிங்ல ரிலே டிக் டிக்னு அடிக்குது: எங்க பார்க்கணும்?

கேள்வி: எண்ணூர்வேன்

தங்குற கேம்பர் வேனா மாத்தின டெம்போ டிராவலர். பின்னாடி 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி. வண்டி பேட்டரியிலிருந்து 40 ஆம்ப் பிளேடு ஃபியூஸ், 5 மீட்டர் 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், அப்புறம் பின் பேட்டரி பக்கத்துலயே வோல்டேஜ் பார்த்து ஒட்டுற ரிலே (13.3ல ஒட்டும், 12.8ல விடும்). நெகட்டிவும் ரிலேவோட கறுப்பு வயரும் பின்னாடி தரை போல்ட்ல பாடி எர்த். மேலே 200 வாட் சோலார் பேனல், பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் (பேனல் வோல்டேஜை மாத்தாம பேட்டரிக்கு விட்டு விட்டுக் கொடுக்கிற சாதா வகை).

3 மணி நேரம் ஓட்டிட்டு வந்தாலும் மறுநாள் காலையில 12.2 தான் காட்டுது, ஃபிரிட்ஜ் கட் ஆகிடுது. எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரி வரிசையில மாட்டினா ரிலே ஓயாம டிக் டிக்னு அடிக்குது. 1500 ஆர்பிஎம்ல முன் பேட்டரி முனையில 14.1 வோல்ட், பின் பேட்டரி முனையில 13.1. ஐடிலிங்ல ஏசி ஓடினா முன்னாடி 13.5. வீட்டு கரன்ட்ல சார்ஜர் போட்டா ராத்திரியில 14.4 வரைக்கும் ஏறிடுது. இன்ஜினோட சுத்தி கரன்ட் தர்ற ஆல்டர்னேட்டரை மாத்தச் சொல்றாங்க. மாத்தணுமா?

பதில்: ராயபுரம்12வோல்ட்

பிஎஸ்6 வண்டின்னா ஸ்மார்ட் ஆல்டர்னேட்டரா இருக்கலாம் ப்ரோ. முன் பேட்டரி நிறைஞ்சதும் அது வேணும்னே வோல்டேஜை 12.5 பக்கம் இறக்கிடும், ரிலே விட்டுடும். அதுல ரிலேவோட மல்லுக்கட்டிப் பிரயோஜனம் இல்ல. டிசி டூ டிசி சார்ஜர் (வர்ற வோல்டேஜ் குறைஞ்சாலும் பின் பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு ஏத்திக் கொடுக்கிறது) போட்டா வேலை முடிஞ்சது.

பதில்: தண்டையார்பேட்டை எலெக்ட்ரிக்

ராயபுரம் அண்ணே, ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் விஷயம் உண்மைதான். ஆனா இவர் கொடுத்த அளவு வேற கதை சொல்லுது. ஸ்மார்ட்னா நல்லா சூடான பிறகு ஒரே வேகத்துல போகும்போது 12.5லிருந்து 13 வரைக்கும் நிக்கும், ஆக்சிலரேட்டரை விட்டதும் 14.5க்கு மேல குதிக்கும். சிகரெட் லைட்டர்ல சொருகுற வோல்ட்மீட்டர் ஒண்ணு போட்டு 20 நிமிஷம் ஓட்டினா தெரிஞ்சிடும். இவருக்கு முன்னாடி 14.1 இருக்கு, பின்னாடி 13.1. ஒரு முழு வோல்ட் வழியில காணாம போகுது. ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்யுது, அதை யாரும் கழட்ட வேணாம்.

ரிலே அடிக்கிறதுக்கும் அதே காரணம்தான். ஐடிலிங்ல முன்னாடி 13.5. ரிலே ஒட்டி கரன்ட் ஓட ஆரம்பிச்சதும் வயர்லயும் இணைப்புலயும் இறங்கி, பின்னாடி உக்காந்திருக்கிற ரிலேவுக்கு 12.8க்குக் கீழதான் தெரியும். உடனே விடும். விட்டதும் கரன்ட் நின்னுடும், இறக்கம் போயிடும், திரும்ப 13.5 தெரியும், திரும்ப ஒட்டும். ரிலே பழுதில்ல, வச்ச இடம்தான் தப்பு. முன் பேட்டரிக்குப் பக்கத்துல, நீளமான வயருக்கு முன்னாடி இருக்கணும்.

எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணுங்க. பின் பேட்டரியை 12.3 பக்கம் இறக்கிட்டு, இன்ஜினை 1500ல வச்சு, டிசி கிளாம்ப் மீட்டர்ல (வயரைச் சுத்திக் கவ்வி கரன்ட் அளக்கிறது) எத்தனை ஆம்ப் போகுதுன்னு பாருங்க. கரன்ட் ஓடாம எடுக்கிற ரீடிங் எதுக்கும் உதவாது, அழுகின இணைப்பு கூட அப்போ ஜீரோ காட்டும். அப்புறம் மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சு ஒரு முள்ளை முன் பேட்டரி பாசிட்டிவ்லயும் இன்னொண்ணை பின் பேட்டரி பாசிட்டிவ்லயும் வைங்க (எட்டலன்னா ஏதாவது வயர் துண்டை முடிஞ்சு நீட்டிக்கலாம்). வர்ற எண் அந்தப் பக்கத்து மொத்த இறக்கம். அதைத் துண்டு துண்டா பிரிங்க: ஃபியூஸ் ஹோல்டரோட ரெண்டு கால், ரிலேவோட ரெண்டு போல்ட். நெகட்டிவுக்கும் இதே மாதிரி, பின் பேட்டரி நெகட்டிவ் முனையிலிருந்து முன் பேட்டரி நெகட்டிவ் வரைக்கும். ரிலேக்குக் குறுக்கே 0.05க்கு மேல வந்தா அடிச்சு அடிச்சு உள்ள கான்டாக்ட் தீய்ஞ்சிருக்குன்னு அர்த்தம்.

எண்ணூர்வேன்

கிளாம்ப்ல 20 ஆம்ப். பாசிட்டிவ் பக்கம் மொத்தம் 0.67, அதுல ஃபியூஸ் ஹோல்டர் மட்டும் 0.33, ரிலே 0.04. நெகட்டிவ் பக்கம் 0.31. ஹோல்டரைக் கழட்டினா ஒரு கால் பழுப்பா இருக்கு, பிளாஸ்டிக் அந்தப் பக்கம் உப்பியிருக்கு. லக் (வயர் நுனியில மாட்டுற உலோகக் காது) பக்கத்துல வயர் தோலை ஒரு இன்ச் சீவினா செம்பு இழை உள்ள வரைக்கும் பச்சை பூத்திருக்கு. ஓட்டிப் பார்த்ததுல வோல்டேஜ் குதிக்கல, 14.1லயே நின்னுச்சு.

பதில்: தண்டையார்பேட்டை எலெக்ட்ரிக்

அப்போ ஸ்மார்ட் இல்ல, சாதா ஆல்டர்னேட்டர்தான். கணக்கு போட்டுப் பாருங்க: செம்போட மின்தடை எண் 0.0175ஐ நீளத்தால பெருக்கி ஸ்கொயரால வகுக்கணும். 5 மீட்டர் 6 ஸ்கொயர்னா 0.0146 ஓம், 20 ஆம்புக்கு 0.29 வோல்ட். உங்க பாசிட்டிவ்ல மீதி இருக்கிற 0.38ம் ஹோல்டர், ரிலேன்னு இணைப்புலதான் போகுது. ஹோல்டர்ல 0.33 வோல்ட்டும் 20 ஆம்பும்னா 6.6 வாட் சூடு அந்தச் சின்ன பிளாஸ்டிக்குள்ள. அது உருகாம இருந்தாதான் ஆச்சரியம். இது சார்ஜ் பிரச்சனை மட்டும் இல்ல, தீப்பிடிக்கிற இடம். மாத்துற வரைக்கும் அந்த ஃபியூஸைப் பிடுங்கி வச்சிடுங்க.

16 ஸ்கொயர் செம்பு வயர் போட்டா அதே 5 மீட்டருக்கு 0.11 வோல்ட்தான் போகும். பாரிமுனையில வெல்டிங் கேபிள் கேட்டா கிடைக்கும், நல்லா வளையும். ஆனா செம்பு பூசின அலுமினியத்துலயும் அதே மாதிரி கேபிள் விக்குது, வாங்குறதுக்கு முன்னாடி ஒரு இழையை பிளேடால சுரண்டிப் பார்த்திடுங்க, உள்ளேயும் செம்பு நிறம் இருக்கணும். ஈயம் பூசின செம்பு லக் வாங்கி, கடையிலேயே ஹைட்ராலிக் கிரிம்பர்ல அழுத்தி வாங்குங்க. கட்டிங் பிளேயரால நசுக்கின லக் நம்ம கடற்கரைக் காத்துக்கு தாங்காது, உப்பு ஈரம் இழைக்குள்ள ஏறிடும். மேல உள்பக்கம் பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் போடுங்க. ஃபியூஸ் போல்ட்ல முடுக்குற வகை 60 ஆம்ப், ரெண்டு பேட்டரிக்கும் பக்கத்துல ஒண்ணு ஒண்ணு. ரெண்டு முனையும் பேட்டரிங்கிறதால ஒரு பக்க ஃபியூஸ் மட்டும் போதாது, நடுவுல வயர் பாடியில உரசினா பின் பேட்டரியும் கரன்டைக் கொட்டும்.

எர்த் போல்ட் இருக்கிற இடத்துல பெயின்டை வெறும் இரும்பு தெரியற வரைக்கும் சுரண்டி, ஸ்டார் வாஷர் போட்டு முடுக்கி, அதுக்கப்புறம் மேல வாசலின் தடவுங்க. தரைத் தகட்டை விட சேஸிக்கே நேரா கொண்டுபோனா இன்னும் நல்லது. முன்னாடி நெகட்டிவ் முனையில பேட்டரி கரன்டை அளக்கிற சென்சார் பெட்டி இருக்கிற வண்டியா இருந்தா, எந்த வயரையும் நேரா அந்த முனையில மாட்டாதீங்க. சென்சார் வழியா போகாம கரன்ட் போனா வண்டியோட பேட்டரி கணக்கு கெட்டுடும்.

பதில்: ராயபுரம்12வோல்ட்

சரி, இந்த வண்டிக்கு டிசி டூ டிசி அவசரமில்ல, ஒத்துக்கிறேன். பிற்பாடு அதைப் போடறதா இருந்தா இந்த டியூபுலருக்கு 20 ஆம்ப் போதும். லித்தியத்துக்கு மாறினா மட்டும் கட்டாயம் போடுங்க. லித்தியம் வெறும் ரிலே வழியா கிடைக்கிறதையெல்லாம் இழுக்கும், ஐடிலிங்ல ஃபேன் மெதுவா சுத்தும்போது ஆல்டர்னேட்டர் வெந்துடும்.

பதில்: மணலி டியூபுலர்

வயர் சரியானாலும் ஓட்டுறதால மட்டும் இந்த பேட்டரி நிறையாது. டியூபுலர் மெதுவாத்தான் வாங்கும். பாதி காலியானதுன்னா கடைசி 20 சதவீதத்துக்கே 14.4ல பல மணி நேரம் பிடிக்கும். 3 மணி நேர ஓட்டத்துல 13.9 கிடைச்சா முக்கால்வாசி வரும், மீதியைப் பேனல் கொடுக்கணும். வாரத்துக்கு ஒருதரம் வீட்டு கரன்ட்ல 14.4 வரைக்கும் ஏத்தி, கரன்ட் 3, 4 ஆம்புக்கு இறங்குற வரைக்கும் விடுங்க. பாதியிலேயே ஓடிக்கிட்டிருந்தா தகட்டுல சல்பேட் கெட்டியாகிடும்.

பேனலையும் பாருங்க. 18 வோல்ட் பேனல் வெயில்ல 65 டிகிரி சூடானா 15 பக்கம் இறங்கிடும். கீழ வர்ற வயர் 2.5 ஸ்கொயரா இருந்தா போக வர 10 மீட்டர்ல இன்னும் 0.7 போயிடும். பிடபிள்யூஎம் 14.4 கொடுக்கிறதுக்கு மிச்சமே இருக்காது. கழட்டுற 6 ஸ்கொயர் வயரை நுனியில பச்சை போற வரைக்கும் வெட்டிட்டு வண்டிக்குள்ள இதுக்கே போட்டுக்கலாம், கூரை மேல மட்டும் சோலார் கேபிள். அத்திப்பட்டு அனல் மின் நிலையம் பக்கம் நிறுத்துற வண்டின்னா பேனல் மேல சாம்பல் படியும், காலையில பேனல் சூடாகுறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்திக் கழுவுங்க, காஞ்ச துணியால தேய்க்காதீங்க.

டியூபுலர் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். தூங்குற இடத்துக்குக் கீழ இருக்கும்னு நினைக்கிறேன். மூடின பெட்டிக்குள்ள வச்சு, மேல்பக்கத்துலிருந்து வண்டிக்கு வெளிய ஒரு குழாய் விடணும், ரிலேவும் ஃபியூஸும் அந்தப் பெட்டிக்கு வெளிய.

இதெல்லாம் முடிச்சு முழு சார்ஜ் ஏத்தின மறுநாள் ஹைட்ரோமீட்டர்ல (ஆசிட் அடர்த்தி காட்டுறது) 6 செல்லும் பாருங்க. 27 டிகிரியில 1.240 பக்கம் வரணும், பேட்டரி 37 டிகிரியில இருந்தா ரீடிங்கோட 0.007 கூட்டிக்கணும். பேட்டரி தண்ணி ஊத்தின உடனே பார்க்காதீங்க, ஒரு சார்ஜ் போய்க் கலந்த பிறகுதான் சரியா காட்டும். 6 ரீடிங்கையும் இங்க எழுதுங்க. ஏதாவது ஒரு செல் மத்ததை விட 0.030க்கு மேல கம்மியா இருந்தா, வயரை எவ்வளவு மாத்தினாலும் அந்த செல் பேட்டரியை இறக்கிக்கிட்டேதான் இருக்கும்.